நடுவில் புகுந்த காது

வதந்தியின் வரலாறு: அத்தியாயம் 12

சென்ற அத்தியாயத்தில் 1951-ஆம் ஆண்டின் கூடைப்பந்து ஊழலைப் பார்த்தோம். நியூயார்க் சிட்டி கல்லூரி, கென்டக்கி போன்ற பெயர்பெற்ற அணிகளின் ஆட்டக்காரர்கள் சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, வெற்றியின் வித்தியாசத்தைக் குறைத்து ஆடினார்கள். கைதுகள் நடந்தன, பையன்கள் ஒப்புக்கொண்டார்கள், நீதிமன்றம் தண்டித்தது. அது நிரூபணமான குற்றம். அதே வகை ஊழல் 1961-ல் மறுபடியும் வெளிவந்தது. அதற்குப் பிறகு அமெரிக்க ரசிகன் எந்தக் கல்லூரி ஆட்டத்தையும் பழைய கண்ணால் பார்க்கவில்லை. எதிர்பாராத முடிவு வந்தால், 'யார் வாங்கினார்கள், எவ்வளவு வாங்கினார்கள்' என்பதே முதல் கேள்வியாக வந்தது.

காய்ந்துகிடந்த அந்த வைக்கோலில்தான் இந்த வாரக் கதையின் பொறி விழுந்தது. இதில் கைது இல்லை, ஒப்புதல் வாக்குமூலமும் இல்லை. இருப்பது ஒரு தொலைபேசி உரையாடல். இருவர் பேசினார்கள். மூன்றாமவர் ஒருவர் தற்செயலாகக் கேட்டார். நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேல் பிரதிகள் போன ஒரு வார இதழ் அதற்குப் பொருள் சொன்னது. அந்தப் பொருளை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் இரண்டு பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணிகள் அந்தக் கறையைப் பல ஆண்டுகள் சுமந்தன.

இரண்டு ஊர்கள், ஒரு சனிக்கிழமை

கால்பந்து என்றால் நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. இது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோளில் கவசம், பக்கத்துக்குப் பதினொரு பேர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது வெறும் விளையாட்டாக இருந்ததே இல்லை. பெரிய தொழில்முறை அணிகள் அன்று அவ்வளவாக வந்து சேராத அந்தப் பகுதியில் பல்கலைக்கழக அணிதான் ஊரின் அணி, மாநிலத்தின் அணி. சனிக்கிழமை மதியம் ஆட்டம் என்றால் ஊரே மைதானத்தில் இருக்கும். கல்லூரிப் பக்கமே ஒதுங்காத விவசாயிக்கும் மெக்கானிக்குக்கும்கூட அது 'நம்ம டீம்'. பயிற்சியாளரின் பெயர் ஆளுநரின் பெயரைவிட அதிகம் உச்சரிக்கப்படும்.

ஜார்ஜியா பல்கலைக்கழகம் ஏதென்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே 1939 முதல் 1960 வரை, 22 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் வாலி பட்ஸ். குட்டையான, உருண்டையான மனிதர். பயிற்சியில் கடுமை காட்டுபவர். பந்தை ஓடிக் கொண்டுபோவதே ஆட்டம் என்றிருந்த காலத்தில், தூக்கி எறிந்து ஆடும் முறையைத் தென்பகுதியில் வளர்த்தவர்களில் ஒருவர். ஃபிராங்க் சின்க்விச், சார்லி டிரிப்பி, ஃபிரான் டார்க்கன்டன் போன்றவர்கள் அவரிடம் ஆடி வளர்ந்தவர்கள். 140 வெற்றிகள், நான்கு முறை எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கூட்டமைப்பின் பட்டம், 1943 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் என்ற புகழ்பெற்ற ஆட்டத்தில் வெற்றி என்று அவர் கணக்கில் நிறைய இருந்தது. 1960 பருவம் முடிந்ததும் அவர் பயிற்சியாளர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. விளையாட்டு இயக்குநர் என்ற பதவி மட்டும் தங்கியது. அணி இளையவரான ஜானி கிரிஃபித் கைக்குப் போனது. பட்ஸுக்கு அதில் மனக்கசப்பு உண்டு என்பது ஊரறிந்த பேச்சு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்தக் கசப்புதான் கதைக்குக் காரணம் கற்பிக்க உதவியது.

அண்டை மாநிலமான அலபாமாவின் பயிற்சியாளர் பால் பிரையண்ட். இளவயதில் திருவிழாவில் கரடியோடு மல்லுக்கு நின்றதால் 'பேர்' பிரையண்ட் என்றே உலகம் அழைத்தது. 1958-ல் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஊரான டஸ்கலூசாவுக்கு வந்தார். 1961-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தேசிய சாம்பியன் பட்டத்தைக் கொண்டுவந்தார்.

1962 செப்டம்பர் 22, சனிக்கிழமை. பர்மிங்ஹாம் நகரின் லீஜியன் ஃபீல்ட் மைதானத்தில் இரு அணிகளும் மோதின. அலபாமாவுக்குப் புதிய குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஒருவன், இரண்டாம் ஆண்டு மாணவன், அன்றுதான் முதல்முறை இறங்கினான். ஜோ நேமத். பின்னாளில் அமெரிக்கா முழுவதும் கொண்டாடிய பெயர். அவன் எறிந்த பாஸ்கள் ஜார்ஜியாவின் தடுப்பைக் கிழித்தன. முடிவு 35–0.

பந்தயக்காரர்கள் அலபாமா 14 முதல் 17 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கணித்திருந்தார்கள். இந்த 'வித்தியாசம்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. அங்கே சூதாட்டம் யார் ஜெயிப்பார்கள் என்பதன்மேல் மட்டும் நடப்பதில்லை, எத்தனை புள்ளியில் ஜெயிப்பார்கள் என்பதன்மேலும் நடக்கிறது. அதனால் ஜெயிக்கவேண்டிய அணி ஜெயித்தாலும், தோற்கவேண்டிய அணி தோற்றாலும், சந்தேகத்துக்கு இடம் இருந்துகொண்டே இருக்கும். 17 எதிர்பார்த்த இடத்தில் 35 வந்தது. அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாம்பியன் அணி, பலவீனமான அணியை அடித்தது, அவ்வளவுதான்.

கோட்டில் ஒரு குறுக்கீடு

அந்த ஆட்டத்துக்குச் சுமார் ஒரு வாரத்துக்கு முன், அட்லாண்டா நகரில் ஜார்ஜ் பர்னெட் என்ற காப்பீட்டு விற்பனையாளர் நண்பர் ஒருவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினார். கிராஸ் டாக் என்று நாமும் ஒரு காலத்தில் அலுத்துக்கொண்ட சமாச்சாரம்தான் நடந்தது. அவர் கூப்பிட்ட ஆள் வரவில்லை. டெலிபோன் ஆபரேட்டர்களின் குரல் கேட்டது. வெளியூர் அழைப்பு ஒன்று இணைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு முனையில் வாலி பட்ஸ். மறுமுனையில் பேர் பிரையண்ட்.

வேறு யாராக இருந்தாலும் 'ராங் நம்பர்' என்று ரிசீவரை வைத்திருப்பார்கள். ஆனால் தென் மாநிலத்துக்காரர் காதில் இந்த இரண்டு பெயரும் ஒன்றாக விழுந்தால் எப்படி வைப்பார்? பர்னெட் வைக்கவில்லை. பக்கத்திலிருந்த தாளை இழுத்துக் குறிப்பெடுத்தார். பட்ஸ் ஜார்ஜியா அணியின் ஆட்ட முறைகளை விவரித்தார், பிரையண்ட் கேட்டுக்கொண்டார் என்பது பர்னெட் சொன்னது. குறிப்பில் இருந்தவை துண்டு துண்டான வரிகள். ஒரு தடுப்பாட்டக்காரர் வேகமாக முன்னேறி வந்துவிடுவார் என்று ஒரு வரி. இன்னொருவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று ஒரு வரி.

பர்னெட் அந்தத் தாள்களை வீட்டில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருந்தார். ஆட்டம் நடந்தது, பருவமும் முடிந்தது. 1963 ஜனவரியில்தான் நண்பர் ஒருவரிடம் வாய்திறந்தார். நண்பர் வழியாகச் செய்தி ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கிரிஃபித்தை எட்டியது. குறிப்புகள் அவர் கைக்குப் போயின. அங்கிருந்து பல்கலைக்கழகத் தலைமைக்கும் எஸ்.இ.சி. ஆணையர் பெர்னி மூருக்கும் போயின. மூடிய அறைகளில் விசாரணை நடந்தது. பிப்ரவரியில் பட்ஸ் விளையாட்டு இயக்குநர் பதவியைத் துறந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பர்னெட் அந்த அழைப்பைக் கற்பனை செய்யவில்லை. தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் அது இருந்தது. பேசியதை பட்ஸும் மறுக்கவில்லை, பிரையண்டும் மறுக்கவில்லை. இரண்டு பயிற்சியாளர்கள் கால்பந்து பேசினோம், வழக்கமான பேச்சுதான் என்றார்கள். பர்னெட் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்பட்டார். பிரையண்டும் உட்பட்டார்.

வதந்தியின் வரலாற்றை எழுதி வரும் இத்தனை அத்தியாயங்களில் நான் கற்றுக்கொண்டது இதுதான். முழுப்பொய்யாகப் பிறக்கும் வதந்தி சீக்கிரம் சாகிறது. ஒரு துண்டு உண்மையைச் சுற்றிப் பிறப்பதே நீண்டநாள் வாழ்கிறது. 'நெருப்பில்லாமல் புகையுமா' என்று கேட்பவரிடம் காட்ட அதன் கையில் எப்போதும் ஒரு கரித்துண்டு இருக்கும். இங்கே அந்தக் கரித்துண்டு, நடந்த ஒரு தொலைபேசி அழைப்பு. நடந்தது அழைப்புதான். 'ஆட்டத்தை விற்றார்கள்' என்பது அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்கச் சான்று வேண்டும். யாரும் அதைத் தேடிப் போகவில்லை.

பிலடெல்பியாவில் ஒரு முடிவு

தொடக்கத்தில் சொன்ன அந்த வார இதழ் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்', அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறைப் பத்திரிகை. நார்மன் ராக்வெல் வரைந்த அட்டைப்படங்களுக்காகவே வாங்கி வைத்தவர்கள் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அதற்குக் கஷ்டகாலம். விளம்பரங்கள் தொலைக்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தன. அதை நடத்திய பிலடெல்பியாவின் கர்டிஸ் பதிப்பகம் நஷ்டத்தில் தள்ளாடியது. புதிய ஆசிரியர் கிளே பிளேர், ஊழல்களைத் தோண்டும் காரசாரமான இதழாக அதை மாற்ற முனைந்தார். இதழின்மேல் வழக்குகள் நிலுவையில் இருப்பதை வெற்றிக்கு அடையாளமாக எண்ணி அவர் தம் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு பின்னர் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது.

பர்னெட்டின் கதை அந்த இதழிடம் வந்தபோது 5,000 டாலருக்கு விலை பேசி முடித்தார்கள். எழுதும் பொறுப்பு ஃபிராங்க் கிரஹாம் ஜூனியருக்குப் போனது. 1963 மார்ச் 23 தேதியிட்ட இதழில் கட்டுரை வந்தது. ஒரு கல்லூரிக் கால்பந்து ஆட்டம் விலைபேசப்பட்ட கதை என்று தலைப்பே தீர்ப்பு எழுதியிருந்தது. 1919-ல் சிகாகோ பேஸ்பால் அணி 'வேர்ல்ட் சீரிஸ்' தொடரைப் பணத்துக்குத் தோற்ற அவமானத்தோடு இதை ஒப்பிட்டது முன்னுரை.

அச்சேறும் முன் அவர்கள் செய்திருக்க வேண்டியவை என்ன? பெரிய துப்பறிவு எதுவும் தேவையில்லை. கையெட்டும் தூரத்தில் நான்கு காரியங்கள் இருந்தன.

ஒன்று, பர்னெட்டின் குறிப்புத் தாள்கள். கட்டுரையின் உயிரே அவைதான். இதழ்க்காரர்கள் அச்சேற்றும் முன் அவற்றைக் கண்ணால் பார்க்கவில்லை. அப்போது அவை பல்கலைக்கழகத் தரப்பிடம் இருந்தன. பர்னெட் நினைவிலிருந்து சொன்னதையே எழுதினார்கள்.

இரண்டு, அன்று பர்னெட்டோடு அதே அலுவலகத்தில் இருந்த நண்பர். அழைப்பு முடிந்த கையோடு அந்தக் குறிப்புகளைப் பார்த்தவர் அவர். அவரிடம் யாரும் பேசவில்லை.

மூன்று, ஆட்டத்தின் படச்சுருள். ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆட்டத்தைப் படம் பிடித்து வைக்கும். திரையில் ஓட்டி, நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். பட்ஸ் ரகசியம் சொல்லியிருந்தால் அலபாமா தன் ஆட்டத்தை அதற்கேற்ப மாற்றியிருக்க வேண்டும். மாற்றியதா இல்லையா என்பதைக் கால்பந்து தெரிந்த எவரும் ஒரு மாலையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லியிருக்க முடியும். சுருள் டப்பாவில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

நான்கு, கால்பந்து அறிந்த ஒருவரின் கண். எழுதியவருக்குக் கால்பந்தில் தேர்ச்சி இல்லை. தேர்ந்த ஒருவரிடம் காட்டி, 'இந்தக் குறிப்பு எதிரணிக்கு உதவுமா?' என்று கேட்க முயலவும் இல்லை.

காசோலை மோசடிக்காக பர்னெட் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் என்பது இதழுக்குத் தெரியும். தவறு செய்த மனிதன் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடாது. ஆனால் ஒரே சாட்சி, அவருக்கும் பணம் கொடுத்தாயிற்று என்னும்போது இன்னொரு முறை சரிபார்ப்பது கடமை. பட்ஸும் அவர் மகளும் அச்சுக்கு முன்பே இதழைத் தொடர்புகொண்டு, இது முழுக்கப் பொய் என்று சொன்னார்கள். அப்பாவின் பெயருக்காக ஒரு மகள் முன்பின் அறியாத ஊரின் பத்திரிகை அலுவலகத்திடம் மன்றாட நேர்ந்ததை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு விசாரணையும் கூடுதலாக நடக்கவில்லை.

ஆட்டம் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நாளை இன்னொரு பத்திரிகை முந்திக்கொள்ளும் என்றாலும், நான்கு தொலைபேசி அழைப்புகளுக்கு நேரம் இல்லாமல் போய்விடவில்லை.

யார் யாருக்கு வலித்தது

கட்டுரை வெளிவந்ததும் இரண்டு மாநிலங்களும் கொந்தளித்தன. பிரையண்ட் அந்த மார்ச்சிலேயே மாநிலம் முழுவதும் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிக் குற்றச்சாட்டை மறுத்தார். அலபாமா பல்கலைக்கழகத் தலைவர் ஃபிராங்க் ரோஸ் அவர் பக்கம் நின்றார். ஜார்ஜியாவின் அட்டர்னி ஜெனரல் யூஜின் குக் தனி விசாரணை நடத்தி, அந்தத் தகவல்கள் ஆட்டத்தின் முடிவைப் பாதித்திருக்கக் கூடியவை என்று அறிக்கை கொடுத்தார். 'பாதித்தன' என்பதற்கும் 'பாதித்திருக்கக் கூடியவை' என்பதற்கும் உள்ள இடைவெளி டீக்கடைப் பேச்சில் தங்குமா? ஏப்ரலில் தொழில்முறைக் கால்பந்து லீகின் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள், பால் ஹார்னங்கும் அலெக்ஸ் காரஸும், பந்தயம் கட்டியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இந்த ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் படித்தவர்கள் மனம் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். இதே இரண்டு அணிகள் 1961-ல் மோதியபோது அலபாமா 32–6 என்று ஜெயித்தது. 1962-ல் 35–0. கட்டுரை வந்த பிறகு, நாடே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த 1963-ல் 32–7. அடுத்த ஆண்டு 31–3. நான்கு ஆண்டுகள், நான்கு ஏறத்தாழ ஒரே மாதிரியான தோல்விகள். 1963-லும் 1964-லும் பட்ஸ் ஜார்ஜியாவின் பதவியிலேயே இல்லை. இந்த எண்கள் எதையும் நிரூபித்துவிடாது. ஆனால் பலமான அணிக்கும் பலம் குறைந்த அணிக்கும் நடுவே இருந்த வித்தியாசம் என்ன என்பதை நேர்மையாகச் சொல்கின்றன. கட்டுரை எழுதும்போது 1961-இன் எண் கையிலேயே இருந்தது.

பட்ஸ், பிரையண்ட் பெயர்கள் கெட்டதைப் பற்றி எழுதாதவர் இல்லை. எனக்கு அன்று லீஜியன் ஃபீல்டில் ஆடிய பையன்களின் நினைவுதான் வருகிறது. பத்தொன்பது, இருபது வயது. ஜார்ஜியாப் பையன்கள் தோற்றார்கள். தோல்வியும் ஒரு ஆட்டக்காரனின் சொத்துதான். எங்களைவிடச் சிறந்தவர்களிடம் முழுமூச்சோடு ஆடித் தோற்றோம் என்று பின்னாளில் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளலாம். கட்டுரை அதைப் பறித்தது. நீங்கள் தோற்கவில்லை, விற்கப்பட்டீர்கள் என்றது. அலபாமாப் பையன்களிடம் அவர்கள் வெற்றியைப் பறித்தது. நேமத்தின் முதல் நாள் ஆட்டம்கூட ஒரு வினாக்குறியோடு நின்றது. இதழ் சில ஆட்டக்காரர்களின் வாயில் வார்த்தைகளையும் போட்டது. அப்படி நாங்கள் சொல்லவே இல்லை என்று அவர்கள் பின்னர் சாட்சிக்கூண்டில் மறுத்தார்கள்.

கிரிஃபித்தின் நிலையும் பரிதாபம். கட்டுரை அவரை ஏமாற்றப்பட்டவராகக் காட்டியது. அந்த அனுதாபம் அவர் அணிக்கு ஒரு வெற்றியைக்கூடச் சேர்க்கவில்லை. மூன்று பருவங்களில் 10 வெற்றி, 16 தோல்வி, 4 சமன் என்ற கணக்கோடு 1963 முடிவில் விலகினார்.

அட்லாண்டாவில் இரண்டு வாரம்

பட்ஸ் கர்டிஸ் பதிப்பகத்தின்மேல் ஒரு கோடி டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 1963 ஆகஸ்டில் அட்லாண்டாவின் ஃபெடரல் நீதிமன்றத்தில் நீதிபதி லூயிஸ் மார்கன் முன் விசாரணை நடந்தது. கட்டுரை சொன்னது உண்மை என்பதே இதழின் வாதம். அன்றைய சட்டப்படி உண்மையை நிரூபிக்கும் பாரம் இதழின் தோளில் இருந்தது.

பிரையண்ட் சாட்சிக்கூண்டில் ஏறினார். பர்னெட்டின் குறிப்புகளை வரிவரியாக எடுத்து, அவற்றில் தமக்கு உதவக்கூடியது எதுவும் இல்லை என்று விளக்கினார். எதிரணியின் பழைய படச்சுருள்களைப் பார்த்தாலே கிடைக்கும் சேதி இது என்பது பட்ஸ் தரப்பின் வாதம். கிரிஃபித் தரப்பினர் வேறு மாதிரி சொன்னார்கள். எதிரணிக்கு இது பயன்படும் என்றார்கள். நிபுணர்களின் கருத்து இரண்டாகப் பிரிந்தது. பட்ஸின் சொந்த வாழ்க்கையும் பணக்கஷ்டமும் நீதிமன்றத்தில் அலசப்பட்டன. அவர் 22 ஆண்டு உழைத்த ஊரிலிருந்தே சிலர் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். பெயரைக் காக்க வழக்குப் போட்டவர், அந்தப் பெயரின் மிச்சத்தையும் மேசைமேல் பரப்பிவைக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 20 அன்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு 60,000 டாலர். தண்டனையாக 30 லட்சம் டாலர். தண்டத் தொகை மிக அதிகம் என்று கருதிய நீதிபதி மொத்தத்தை 4,60,000 டாலராகக் குறைத்தார். பிரையண்டும் வழக்குத் தொடுத்திருந்தார், அது விசாரணைக்கு வரவேயில்லை. ஆட்டத்தில் முரட்டுத்தனத்தைத் தூண்டுகிறார் என்று அதே இதழ் முன்பு எழுதிய இன்னொரு கட்டுரைக்கான வழக்கையும் சேர்த்து, 1964 பிப்ரவரியில் 3,00,000 டாலருக்குச் சமரசம் ஆனது.

கர்டிஸ் மேல்முறையீடு போனது. நடுவே 1964 மார்ச்சில் 'நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் பெரிய கேடயம் ஒன்றைத் தந்தது. அரசு அதிகாரியைப் பற்றித் தவறாக எழுதினாலும், பொய் என்று தெரிந்தோ, உண்மை பொய் பற்றிக் கவலையே இல்லாமலோ எழுதினால்தான் குற்றம். அந்த வழக்கும் அலபாமாவில் முளைத்ததே. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை அவதூறு வழக்குகளால் நசுக்கப் பார்த்தவர்களுக்கு எதிராக எழுந்த தீர்ப்பு அது. அதன் தேவையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அந்தக் கேடயம் எங்களுக்கும் வேண்டும் என்றது கர்டிஸ். பட்ஸ் அரசு ஊழியர் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஜார்ஜியாவின் விளையாட்டுச் சங்கம் என்ற தனியார் அமைப்பு. ஆனால் ஊரறிந்த மனிதர். இவரைப் போன்ற 'பொதுப் பிரமுகர்' விஷயத்தில் என்ன விதி?

1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் பட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுப் பிரமுகர்களும் அவதூறு வழக்கில் எளிதில் ஜெயித்துவிடக் கூடாது என்பதை நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் இந்த இதழ் அந்தக் கேடயத்துக்குத் தகுதி இல்லாதபடி நடந்துகொண்டது என்றார்கள். நீதிபதி ஹார்லன், பொறுப்புள்ள பத்திரிகைகள் வழக்கமாகச் செய்யும் விசாரணையிலிருந்து இது வெகுதூரம் விலகிப் போய்விட்டது என்று கண்டார். பார்க்காத குறிப்பு, கேட்காத சாட்சி, ஓட்டாத படச்சுருள் எல்லாம் தீர்ப்பில் இடம்பெற்றன. தலைமை நீதிபதி வாரன், பட்ஸும் மகளும் எச்சரித்த பிறகும் விசாரிக்காததைச் சுட்டிக்காட்டினார். அதோடு சேர்த்து அன்றே தீர்ப்பான, வாக்கர் என்பவரின் வழக்கில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஜெயித்தது. ஒரு கலவரத்தின் நடுவிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் அனுப்பிய செய்தி அது. அவசரத்தில் நேர்ந்த பிழையை நீதிமன்றம் மன்னித்தது. ஆறு மாதம் ஆறிப்போன செய்தியை விசாரிக்காமல் விட்டதை மன்னிக்கவில்லை.

தீர்ப்புக்குப் பின்னும்

எல்லாம் தெளிந்துவிட்டதா என்றால், இல்லை. எஸ்.இ.சி. சார்பில் விசாரணையைக் கவனித்த சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் கிர்பி, 1986-ல் இந்த வழக்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். விசாரணை நடந்த விதத்தைக் கேள்விக்கு உட்படுத்திய புத்தகம் அது. பட்ஸ் அந்தத் தொலைபேசியில் பேசியது ஒரு விளையாட்டு இயக்குநருக்கு அழகா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கேட்கலாம். வாயை அளந்து பேசாதது வேறு, ஆட்டத்தை விற்றது வேறு. பின்னது நிரூபணமாகவில்லை. நிரூபணமாகாத ஒன்றை நடந்ததாகவே நினைவில் வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

'போஸ்ட்' இதழ் 1969-ல் நின்றது. அதன் நலிவுக்கு வேறு பல காரணங்கள் இருந்தன. பிரையண்ட் ஆறு தேசியப் பட்டங்களும் 323 வெற்றிகளும் குவித்துவிட்டு, ஓய்வுபெற்ற சில வாரங்களிலேயே 1983 ஜனவரியில் காலமானார். டஸ்கலூசா மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஜார்ஜியா அணி வின்ஸ் டூலி என்ற இளம் பயிற்சியாளரின் கையில் எழுந்தது. 1965-இன் முதல் ஆட்டத்தில், ஏதென்ஸில், அதே அலபாமாவை 18–17 என்று வீழ்த்தியது. பட்ஸ் மறுபடி ஜார்ஜியாவின் பயிற்சியாளர் ஆகவே இல்லை. 1973 டிசம்பரில் ஏதென்ஸில் மறைந்தார். இன்று அங்கே விளையாட்டுத் துறையின் கட்டடத்துக்கு அவர் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

இவர்கள் இருவருக்கும் வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள், பணம் கிடைத்தது, கட்டடத்தில் பெயர் கிடைத்தது. அன்று மைதானத்தில் புழுதியில் விழுந்து எழுந்த பையன்களுக்கு என்ன கிடைத்தது? தனித்தனியாக யாரையும் குற்றம் சொல்லாததால் அவர்களால் வழக்குப் போட முடியாது. எல்லாரையும் சேர்த்து நனைத்ததால் யாராலும் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு கல்லூரி அணியின் பெயர் கெடும்போது பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் இப்படிப் பெயர் தெரியாதவர்கள்தான். அவர்களுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் படச்சுருள். அவர்கள் ஓடியது, தடுத்தது, தாண்டப்பட்டது, மறுபடி எழுந்து ஓடியது எல்லாம் அதில் இருந்தது. டப்பாவைத் திறந்து பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்த அத்தியாயம்: 2006 வசந்தம், வட கரோலினாவின் டர்ஹாம் நகரம். டியூக் பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் அணிமேல் ஒரு புகார். பருவமே ரத்தாகிறது, பயிற்சியாளர் பதவி விலகுகிறார். ஓராண்டு கழித்து மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், குற்றம் சாட்டப்பட்ட மூவரும் நிரபராதிகள் என்று அறிவிக்கிறார். இடைப்பட்ட அந்த ஓராண்டைப் பற்றிப் பேசுவோம்.

(தொடரும்)